மரத்துக்குள் ஒரு சரிவு

(மரவேலையும் இசைக்கருவி வேலையும் பயில்வோர் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரத்தில் துளை போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நேரான துளையாக இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். அலகு எவ்வளவு அகலமோ துளையும் அவ்வளவு அகலம். அலகைத் தேர்ந்தெடுத்தவுடனே பாதி வேலை முடிந்தது. ஒரு முனையில் குறுகலாகத் தொடங்கி மறுமுனைக்குப் போகப் போக விரியும் துளையின் கதை வேறு. ஒவ்வொரு அங்குலத்திலும் அதற்கு ஒவ்வொரு அகலம். உள்ளே கைவிட முடியாது, கண்ணால் பார்க்கவும் முடியாது. அப்படிப்பட்ட துளையை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை வைத்தே பேசலாம்: நாகசுரம்.

மேடையில் நாகசுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தவிலும் குடைந்த மரம்தான். பலாக்கட்டையைக் குடைந்து செய்கிறார்கள். ஆனால் தவிலுக்குள் கை நுழையும், உளி நுழையும், வெளிச்சம் நுழையும். எங்கே தடித்திருக்கிறது என்று தடவிப் பார்த்துச் செதுக்கலாம். நாகசுரத்தின் நீண்ட மரக்குழாயான உலவின் மேல்முனையில் சுண்டுவிரல்கூடப் போகாது. அந்தச் சந்துக்குள் சரிவு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வாத்தியம் பேசும். வெளியே தெரியும் கடைசல் வரிகளும் பூணும் பார்க்க அழகு, அவ்வளவுதான். வாத்தியம் என்பது உள்ளே இருக்கும் காற்றுத் தூண்.

அந்தத் தூண் ஏன் கூம்பாக இருக்க வேண்டும்? நேர்க்குழாயாக இருந்துவிட்டால் ஆசாரிக்குப் பாடு குறையுமே என்று கேட்கலாம். வாசிப்பவர் பாடு கூடிவிடும் என்பதுதான் பதில். நாக்கு வைத்து ஊதும் குழாய் நேராக இருந்தால், அழுத்தி ஊதும்போது சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவாது. அதையும் தாண்டி, மேல் ஸ்தாயியின் பஞ்சமத்துக்குப் போய் நிற்கும். கிளாரினெட்டில் நடப்பது அதுதான். அதனால்தான் அதற்கு அத்தனை சாவிகள். குழாய் கூம்பாக இருந்தால் அழுத்தி ஊதும்போது சரியாக அதே சுரத்தின் மேல் ஸ்தாயி கிடைக்கும். ஓபோ, ஷெனாய், நாகசுரம் மூன்றும் இந்தக் குடும்பம். ஏழு விரல் துளைகளை வைத்துக்கொண்டு, சாவி ஒன்றுகூட இல்லாமல், நாகசுரக்காரர் இரண்டரை ஸ்தாயி சஞ்சாரம் செய்ய முடிகிறது என்றால் அதற்கு இடம் கொடுப்பது இந்தச் சரிவு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கூம்பு என்றால் நுனி இருக்க வேண்டும். உலவின் மேல்முனையோ நுனி வெட்டப்பட்ட கூம்பு. வெட்டுப்பட்ட அந்தப் பகுதிக்குள் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ, அதற்கு ஈடு செய்யும் வேலையைக் கெண்டை என்ற சிறு குழாயும் அதில் செருகும் சீவாளி என்ற நாக்கும் சேர்ந்து செய்கின்றன. ஆர்தர் பெனாடி என்ற அமெரிக்க இயற்பியலாளர், 1976இல் வந்த தம் இசை ஒலியியல் நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். சீவாளியைக் கெண்டையில் இறக்கியும் ஏற்றியும் நம்மவர்கள் சுருதி சேர்க்கும்போது, இல்லாத அந்த நுனியைத்தான் நீட்டிக் குறுக்குகிறார்கள். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சின்னஞ்சிறு சீவாளியை ஏன் அத்தனை பத்திரமாகக் கோத்து வைத்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

சரி, பட்டறைக்குப் போவோம்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருக்கும் நரசிங்கம்பேட்டை இந்த வேலைக்குப் பேர்போன ஊர். 2022இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உலவுக்கு ஆச்சா மரம், அடியில் விரியும் அணசுக்கு வாகை. ஆச்சா மரத்தையும் புதிதாக வெட்டிக் கொண்டுவருவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இதைச் சிலர் ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். காரணம் வெறும் மரவேலைக் காரணம்தான். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஆண்டு வளையம் ஓடும் திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ஈர மரத்தில் வட்டமாகப் போட்ட துளை, காய்ந்தபின் முட்டை வடிவமாகிவிடும். பல தலைமுறையாகக் கூரையைத் தாங்கிய உத்தரம் சுருங்க வேண்டியதையெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். அப்படிப்பட்ட மரம் கிடைக்காதவர்கள், முதலில் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் துளைத்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐரோப்பாவில் ஓபோ, ரெக்கார்டர் செய்பவர்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.

முதல் துளை குறுகலான நேர்த்துளை; நீளம் முழுவதும் போக வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டடி நீள மரத்தில் மெல்லிய அலகைச் செலுத்தினால் அது மரத்தின் ரேகை போகும் பக்கம் ஒதுங்கும். இந்தப் பக்கம் நடுவில் நுழைந்தது அந்தப் பக்கம் ஓரத்தில் வெளிவரும். இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, அலகைச் சுற்றாமல் மரத்தைச் சுற்றுவது. கடைசலில் மரம் சுழல, அலகை அசையாமல் பிடித்து உள்ளே தள்ளினால், அலகு நடுவிலிருந்து விலகும்போதெல்லாம் சுழலும் மரமே அதை நடுவை நோக்கித் தள்ளிவிடும். துப்பாக்கிக் குழல் துளைப்பவர்கள் கண்ட வழி இது. இன்னொன்று, துளையை முதலில் போட்டுவிட்டு வெளிப்புறத்தைப் பிறகு கடைவது. துளை கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. துளையின் இரண்டு வாயையும் கடைசலின் இரண்டு முனைகளில் பொருத்தி வெளியே கடைந்துவிட்டால், துளை தானாக நடுவுக்கு வந்துவிடும். மரத்துக்கு நடுவில் துளை போடுவதைவிட, துளையைச் சுற்றி மரத்தைக் கடைவது எளிது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் முதலில் வெளியே அழகாக உருட்டிவிட்டு அப்புறம் துளைக்கப் பார்ப்பார்கள். அது தலைகீழ் வேலை.

நேர்த்துளை ஆயிற்று. இனி சரிவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலகையில் எழுதுகிறேன். இது உதாரணத்துக்கான அளவு. எந்த ஊர் வாத்தியத்தின் அளவும் இல்லை. நீளம் 400 மில்லிமீட்டர். குறுகிய வாய் 6, அகன்ற வாய் 16. அதாவது 400க்கு 10 விரிகிறது, 40க்கு 1. அகன்ற வாயிலிருந்து உள்ளே 40 மி.மீ. போனால் அகலம் 15. 240 போனால் 10. 360 போனால் 7. இப்போது 15 அலகை எடுத்து அகன்ற வாய்ப் பக்கத்திலிருந்து செலுத்துங்கள். 40 வரை போகலாம். ஆனால் 35இல் நிறுத்துங்கள். 14 அலகு 80 வரை போகலாம், 75இல் நிறுத்துங்கள். இப்படியே 7 வரை. ஒவ்வோர் அலகிலும் நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் உள்ளே ஒரு படிக்கட்டு இருக்கும். படியின் மூலை எதுவும் கடைசிச் சரிவைத் தொட்டிருக்கக் கூடாது. ஒரே ஒரு படி ஆழமாகப் போய்விட்டால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் நிற்கும். எந்த வித்தையாலும் அதை நிரப்ப முடியாது. மரவேலையில் கழித்ததைக் கூட்ட முடியாது என்பார்களே, அது இங்கே பளிச்சென்று தெரியும்.

படிகளைச் சரிவாக்குவது ரீமர் என்று பட்டறைகளில் சொல்லும் கூம்பு அலகு. நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. சரிவு கைத்திறமையால் வருவதில்லை; ரீமரில் இருந்து வருகிறது. ரீமரின் வடிவம் எதுவோ, துளை அதன் அச்சு. ஆகவே கூம்புத் துளை செய்பவர் முதலில் மரவேலைக்காரராக இருப்பதைவிடக் கொல்லராக இருக்க வேண்டும்.

என் கையில் இருப்பதைப் பாருங்கள். இது எஃகுக் கம்பி. கடைசலில் வேண்டிய சரிவுக்குக் கடைந்தெடுத்தது. பிறகு நீளவாக்கில் ஒரு பக்கத்தை அரத்தால் ராவித் தட்டையாக்கியிருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அரை வட்டம். சரியாகச் சொன்னால் அரை வட்டத்துக்கு மயிரிழை கூடுதல். தட்டையும் வளைவும் சந்திக்கும் இந்த விளிம்புதான் வெட்டும். வெட்டும் என்றால் உளி வெட்டுவதுபோல இல்லை, சுரண்டும். எதிர்ப்பக்கம் வளைவான முதுகு துளையின் சுவரில் சாய்ந்துகொள்வதால் அலகு ஆடாது. பல விளிம்புகளை ஒரே இடைவெளியில் வைத்த அலகு சில சமயம் துடிக்கத் தொடங்கும். துளை வட்டமாக வராமல் பல பட்டையாக வரும். ஒற்றை விளிம்புக்கு அந்தத் தொல்லை குறைவு. மழுங்கினால் தட்டைப் பக்கத்தை மட்டும் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். வளைந்த முதுகைத் தொட்டீர்களோ, சரிவே போய்விட்டது. இனி அது வேறு வாத்தியத்தின் ரீமர்.

எஃகு கடைய வசதி இல்லாதவர்களுக்கு ஏழை வழி ஒன்று உண்டு. கெட்டியான மரத்தில் அதே கூம்பைக் கடைந்து, நீளவாக்கில் ஒரு கீறல் அறுத்து, பழைய ரம்பத்தின் பிளேடில் ஒரு துண்டை அதில் செருகி, விளிம்பு ஒரு காகிதத் தடிமன் அளவுக்கு வெளியே தெரியும்படி வைத்தால் ரீமர் தயார். நாற்காலிக் கால்களுக்குக் கூம்புத் துளை போடுபவர்களுக்கு இதுவே போதும்.

ரீமரில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்றைச் சொல்கிறேன். நம் கணக்கில் சரிவு 40க்கு 1. ஆகவே ரீமர் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் துளை முழுவதும் 0.025 மி.மீ. அகலும். ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்கலாம், அளவுகோலில் படிக்கலாம். 0.025ஐப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத அளவைப் பார்க்கக்கூடிய அளவாகச் சரிவே மாற்றிக் கொடுக்கிறது. ரீமரின் தண்டில் ஒரு வளையத்தைத் திருகி இறுக்கி வைத்தால் போதும், அதற்கு மேல் உள்ளே போகாது. சாதாரணப் பட்டறையில், சாதாரண அளவுகோலை வைத்துக்கொண்டு, இத்தனை நுணுக்கம் கிடைக்கும் வேலை மரவேலையில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஆபத்துகளும் உண்டு. கூம்பு என்பது ஆப்பு. ஆப்பை மரத்துக்குள் தள்ளினால் மரம் பிளக்கத்தான் பார்க்கும். அதனால்தான் உள்வேலை முடியும்வரை வெளிப்புறத்தைத் தடிமனாகவே விட்டுவைக்க வேண்டும். சுரண்டிய தூள் வெளியே போக வழியில்லாமல் தட்டைப் பக்கத்தில் சேரும், சேர்ந்தால் இறுகும், இறுகினால் சூடேறும். கொஞ்சம் செலுத்து, வெளியே இழு, தூளைத் தட்டு, மறுபடி செலுத்து. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் அந்த மரம் அடுப்புக்கு.

இன்னொன்று. கயிறு கட்டி இழுக்கும் பழைய கடைசலில் மரம் ஒரு சுற்று முன்னால், ஒரு சுற்று பின்னால் என்று திரும்பும். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் அலகுக்கு இதில் பாதி நேரம் சும்மா. மோட்டார் வந்தபின் வேலை வேகமானதற்கு அதன் வேகத்தைப் போலவே, ஒரே பக்கமாகச் சுற்றுவதும் ஒரு காரணம். மோட்டார் வந்ததால் கைத்தொழில் கெட்டது என்று புலம்புவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சரிவு ரீமரில் இருக்கிறது என்று சொன்னேனே. மரத்தைச் சுற்றுவது யாராக இருந்தால் என்ன?

இனி, வழியைச் சொல்லிவிட்டு அதன் பயனைப் பாட்டுக் கச்சேரியோடு நிறுத்துவது நியாயமில்லை. வயலினின் முறுக்காணி உட்காரும் துளை 30க்கு 1 என்ற சரிவு. திருகித் தள்ளினால் இறுகும், திருகி இழுத்தால் தளரும். நம் வீணையின் பிரடையும் அதே தத்துவம். இங்கிலாந்தில் வின்ட்சர் நாற்காலி என்று ஒரு வகை உண்டு. அதன் கால்கள் பலகையின் அடியிலிருந்து கூம்புத் துளைக்குள் நுழையும். அந்தக் கூம்பின் கோணம் பொதுவாக 6 பாகை அளவில் இருக்கும். காலின் தலையைப் பென்சில் சீவுவதுபோலச் சீவித் துளைக்குப் பொருத்துகிறார்கள். உட்காருபவரின் பாரமே ஒவ்வொரு முறையும் காலை மேலும் இறுக்கும். ஆணி வைத்த நாற்காலி உட்கார உட்கார ஆடத் தொடங்கும். இது உட்கார உட்கார இறுகும். லண்டன் நகரத்துக்கு 1613இல் நியூ ரிவர் கால்வாய் திறந்தபோது, தெருக்களுக்கடியில் தண்ணீர் ஓடியது எல்ம் மரக் குழாய்களில். அடிமரத்தை நீளவாக்கில் துளைத்து, ஒரு முனையை வெளியே கூம்பாகச் சீவி, மறுமுனையை உள்ளே கூம்பாகக் குடைந்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டே போனார்கள். தண்ணீரில் ஊறி மரம் பருக்க, இணைப்பு இறுகும்.

துளைக்காமலே கூம்புக் குடைவு செய்யும் வழியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஹார்ன் ஆளைவிட உயரமான ஊதுகொம்பு. மலைச்சரிவில் அடி வளைந்து முளைத்த மரத்தை எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதியையும் குடைவு உளியால் குடைந்து, திரும்ப ஒட்டி, பிரம்பால் சுற்றிக் கட்டுவார்கள். ஐரோப்பாவின் பழைய கார்னெட்டும் வளைந்த வாத்தியம். அதையும் இரண்டாகக் குடைந்து ஒட்டி, மேலே கறுப்புத் தோல் போர்த்தினார்கள். வளைந்த துளைக்குள் ரீமர் போகாது, வேறு வழியில்லை. நேரான வாத்தியத்துக்கு இது தேவையில்லாத வேலை; வாய் ஈரம் தொடர்ந்து படும் இடத்தில் நீள நெடுக ஒட்டு வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பிறகு கல் நாகசுரம் இருக்கிறது. கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரிக் கோயிலிலும் இருக்கின்றன. கல்லில் அந்தத் துளையைப் போட்டவர் பட்ட பாட்டை நினைத்தால், ஆச்சா மரத்தைப் பற்றி நாம் வாய் திறக்கவே கூடாது.

திரும்ப நரசிங்கம்பேட்டைக்கு. பழைய நாகசுரம் திமிரி. குட்டையானது, சுருதி உயர்ந்தது. பின்னால் வந்த பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. நாகசுர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் இடையில் நடந்த வேலை இந்தத் துறையில் பெரிய திருப்பம். சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும் பாரி நாகசுரத்தை ஆசாரி செய்து கொடுத்தார். மரத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பழைய ரீமரை இன்னும் ஆழமாகச் செலுத்தினால் துளை பெரிதாகும்; சரிவு மாறாது. சரிவு மாற வேண்டுமானால் புது அலகு வேண்டும். சரிவு எங்கே எப்படி மாற வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அடிச் சுரத்தை எடுத்துக்கொண்டால், சீவாளிப் பக்கம் துளை அகன்றால் சுருதி இறங்கும். அணசுப் பக்கம் அகன்றால் ஏறும். மேல் ஸ்தாயிக்கு இந்த இடங்கள் மாறும். ஆகவே ஒரு சுரத்தைத் திருத்தப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடலாம். விரல் துளைகளுக்குக் கீழே, விரலே படாத துளைகள் சில இருக்கின்றன அல்லவா? அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் கடைசித் திருத்தம் செய்வது வித்துவான்களின் பங்கு. ஆசாரி விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடர்கிறார்கள்.

கடைசியாக அளப்பது. உள்ளே பார்க்க முடியாத துளையை எப்படி அளப்பது? ரொம்பச் சின்ன உபாயம். 7, 8, 9 என்று 15 வரை விட்டமுள்ள பித்தளை வில்லைகளைக் கடைந்து, ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் பொருத்துங்கள். அகன்ற வாய் வழியாக விட்டால் ஒவ்வொரு வில்லையும் ஓர் ஆழத்தில் தட்டி நிற்கும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் சரிவின் படம் காகிதத்தில் கிடைத்துவிடும். வாத்தியத்துக்குச் சேதமில்லை. நூரெம்பர்க்கில் 1707இல் இறந்துபோன டென்னர் என்பவர் செய்த ரெக்கார்டர்களை இன்று உலகில் எங்கிருக்கும் ஆசாரியும் பிரதி எடுக்க முடிகிறது. அருங்காட்சியகங்களில் இருக்கும் அவருடைய வாத்தியங்களை இப்படி அளந்து வரைபடமாக வெளியிட்டிருக்கிறார்கள். நாமும் இதைச் செய்யலாம். பெரிய வித்துவான்கள் வாசித்த பழைய உலவுகள் பல வீடுகளில் உறையோடு பரண்மேல் இருக்கின்றன. மேலே பேர் எழுதி ஒட்டியிருப்பார்கள். உள்ளே என்ன அளவு என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

மேசைமேல் வில்லைப் பெட்டி இருக்கிறது. சொந்த நாகசுரத்தோடு வந்திருப்பவர்கள் சீவாளியையும் கெண்டையையும் கழற்றிவிட்டு, அணசையும் எடுத்துவிட்டு, உலவை மட்டும் கொண்டுவாருங்கள். வாசித்த ஈரம் இருந்தால் துணியால் துடைத்து, கொஞ்சம் ஆறவிட்டு வாருங்கள். ஈரமாக இருந்தால் வில்லை முன்னாலேயே தட்டும். ஒவ்வோர் ஆழத்தையும் இரண்டு தடவை அளப்போம், உலவைக் கால் சுற்று திருப்பி இன்னொரு தடவையும் அளப்போம். வரைதாள் நான் கொண்டுவந்திருக்கிறேன்.